மனு கொடுத்த தேதி

அரசுப் பணியில் இருந்த அப்பா இறந்தது 2001 ஏப்ரலில். கருணை அடிப்படையில் எனக்கு வேலை கேட்டு அம்மா மனு கொடுத்தது அதே ஆண்டு ஜூலையில். பணி நியமன ஆணை வந்தது 2006 அக்டோபரில். இந்த மூன்று தேதிகளில் என் சம்பளம், பணிமூப்பு, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அரசு கணக்கில் எடுத்துக்கொண்டது மூன்றாவதை மட்டும்தான். எங்கள் கையில் இருந்தது இரண்டாவது தேதி ஒன்றுதான். அதை யாரும் கேட்கக்கூட இல்லை.

‘பரீட்சை எழுதாமல் வந்த ஆளுக்கு இதில் என்ன குறை?’ என்று கேட்பவர்கள் உண்டு. அலுவலகத்திலேயே கேட்டிருக்கிறார்கள், டீ குடிக்கும்போது, சிரித்துக்கொண்டே. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அதனால் அவர்கள் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1994இல் ஹரியானாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சம்பாதிப்பவர் திடீரென்று போய்விட்ட குடும்பம் அந்த நெருக்கடியிலிருந்து மீள்வதற்காகக் கொடுப்பதுதான் கருணை நியமனம். அது வாரிசுரிமை இல்லை. மூன்றாம், நான்காம் நிலைப் பணிகளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இறந்தவர் பெரிய பதவியில் இருந்தார் என்பதற்காகப் பிள்ளைக்கும் அதே பதவி கிடையாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு முடி நரைக்கும்வரை காத்திருப்பவர்களின் பக்கத்தில் நின்று பார்த்தால் இதில் தப்பே இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு பேசுவது உள்ளே வருவதைப் பற்றி. உள்ளே வந்த பிறகு நடப்பது வேறு கதை. அதைப் பேசுபவர்கள் குறைவு.

தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு 1972ஆம் ஆண்டு அரசாணையிலிருந்து இருக்கிறது. இறந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு கொடுத்துவிட வேண்டும் என்ற கெடு 1995இல் வந்தது. ஒரு நாள் தள்ளிப் போனாலும் ‘காலவரம்பு கடந்தது’ என்று ஒரு வரியில் திருப்பி அனுப்புவார்கள். சரி, கெடு இருக்கட்டும். அந்த மனுவுக்குப் பதில் சொல்ல அரசுக்கு என்ன கெடு? அப்படி ஒன்று இருந்ததாக, இத்தனை வருடம் அமைச்சுப் பணியில், அதாவது அரசு அலுவலக எழுத்தர் வேலையில், இருக்கும் எனக்குத் தெரிந்து, ஒருவரும் சொன்னதில்லை.

எங்கள் மனு போய் நான்கு மாதத்தில், 2001 நவம்பர் 29ஆம் தேதி, அரசாணை 212 வந்தது. புது ஆட்களை எடுப்பதற்குத் தடை. நிதி நெருக்கடி என்றார்கள். கருணை மனுக்களும் அதோடு கிடப்புக்குப் போயின. அம்மா விசாரிக்கப் போகும்போதெல்லாம் ‘பேன் இருக்கும்மா’ என்பார்கள், தடையை ஆங்கிலத்தில். அந்தச் சொல்லை வைத்து என் தங்கை பண்ணாத கேலி இல்லை. தடை விலகியது 2006 பிப்ரவரி 7ஆம் தேதி. அதற்குள் நாங்கள் அப்பாவின் கிராஜுவிட்டியில் கடனை அடைத்து, குடும்ப ஓய்வூதியத்தில் அரிசி வாங்கி, நான் ஒரு மருந்துக்கடையில் கணக்கெழுதி, எப்படியோ ஓட்டியிருந்தோம். இப்படி ஓட்டிவிட்டதே பல குடும்பங்களுக்கு எதிரான வாதமாகத் திரும்பியிருக்கிறது. இத்தனை வருடம் தாக்குப்பிடித்த குடும்பத்துக்கு இப்போது என்ன நெருக்கடி என்று நீதிமன்றங்களே கேட்டிருக்கின்றன. அந்த மட்டில் நாங்கள் தப்பித்தோம், வேலை கிடைத்துவிட்டது.

ஆனால் தடை இருந்த காலத்தின் நடுவில் இன்னொன்று நடந்துவிட்டது. 2003 ஆகஸ்ட் 6ஆம் தேதி நிதித்துறை அரசாணை 259. 1.4.2003 அன்றோ அதற்குப் பிறகோ பணியில் சேர்பவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான், அதாவது சி.பி.எஸ். ஆகஸ்டில் போட்ட ஆணை ஏப்ரலிலிருந்து அமலுக்கு வருகிறது. அரசுக்கு வேண்டுமென்றால் தேதி இப்படிப் பின்னோக்கியும் நகரும். அந்த ஜூலையில்தான் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். அந்தக் களேபரத்தில் இன்னும் வேலைக்கே வராதவர்களுடைய ஓய்வூதியத்துக்காக யார் குரல் கொடுத்திருப்பார்கள்?

ஆக, 2001இல் மனு கொடுத்த நான் 2006இல் சேர்ந்தபோது சி.பி.எஸ். ஆள். அதே 2001இல், தடை வருவதற்குச் சில வாரம் முன்னால் ஆணை வாங்கிவிட்ட ஒருவர் என் பக்கத்து இருக்கையில் இருந்தார். அவருடைய அப்பாவும் பணியில் இருக்கும்போது இறந்தவர், அவருடைய மனுவும் என்னுடையதைப் போன்றதுதான். அவர் ஜி.பி.எஃப்., அதாவது பழைய ஓய்வூதியக்காரர், நான் சி.பி.எஸ். அவருடைய கோப்பு வேகமாக நகர்ந்தது, என்னுடையது நகரவில்லை. இருவருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவே.

சேர்ந்த அன்று இதெல்லாம் எனக்குத் தெரியாது. இளநிலை உதவியாளர், ஊதிய விகிதம் 3200-85-4900. ஆணையில் ‘முற்றிலும் தற்காலிகமானது’ என்று ஒரு வரி இருந்தது, விதி 10(அ)(1)இன்படி என்று. கருணை நியமனத்துக்கெல்லாம் அப்படித்தான் போடுவார்கள், பிறகு பணிவரன்முறை செய்துவிடுவார்கள், அதாவது தற்காலிகத்தை முறையான பணியாக்கி ஆணை போட்டுவிடுவார்கள் என்று தலைமை எழுத்தர் சொன்னார். அந்தப் ‘பிறகு’ வருவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

பணிவரன்முறை எப்படித் தாமதமாகிறது என்பதைக் கிட்டே இருந்து பார்த்தவன் நான். அதற்கு முதல் தேவை கல்விச் சான்றுகளின் உண்மைத்தன்மை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் நகல்களை அலுவலகம் தேர்வுத்துறைக்கு அனுப்பும். அங்கிருந்து ‘பதிவேட்டின்படி சரி’ என்று முத்திரையோடு வர வேண்டும். என்னுடையது போனது. பதில் வரவில்லை. நினைவூட்டு போனது. நினைவூட்டில் பதிவெண்ணில் ஒரு எண்ணைத் தட்டச்சர் மாற்றி அடித்துவிட்டார், அதனால் ‘விவரம் பொருந்தவில்லை’ என்று பதில் வந்தது. இதற்குள் என் இருக்கையின் பிரிவு எழுத்தர் மாறுதலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் கோப்பை முதலிலிருந்து படித்து, இறந்தவரின் வாரிசுச் சான்று நகலில் வட்டாட்சியர் கையெழுத்து தெளிவாக இல்லை என்று ஒரு குறிப்பு எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், மேலிடத்துக்குப் போய்த் திரும்பி வந்தால் திட்டு வாங்குவது அவர்தான். அப்புறம் பவானிசாகர் பயிற்சி. இளநிலை உதவியாளர்களுக்கு அங்கே அடிப்படைப் பயிற்சி முடித்தால்தான் தகுதிகாண் பருவம் நிறைவாகும். முறைப்படுத்தாத ஆட்களின் பெயர் அந்தப் பட்டியலில் கடைசியில் நிற்கும், சில சமயம் நிற்கவே நிற்காது.

இது முடியும்வரை எங்கள் அலுவலகத்தில் இன்கிரிமெண்ட் போடவில்லை. ‘ஆர்டர் வரட்டும், அரியராச் சேர்த்து வாங்கிக்கலாம்’ என்பது பில் பிரிவின் வாடிக்கையான பதில். வருடத்துக்கு 85 ரூபாய்தானே என்று தோன்றும். 2009இல் ஆறாவது ஊதியக் குழுவின் விகிதங்கள் வந்தன. பழைய அடிப்படை ஊதியத்தை 1.86ஆல் பெருக்கிப் புதிய ஊதியத்தை நிர்ணயித்தார்கள். என் பணிப்பதிவேட்டில் இன்கிரிமெண்ட் பதிவே இல்லாததால் எனக்கு வெறும் 3200இலிருந்து கணக்கு. பின்னால் பணிவரன்முறை ஆணை வந்து, நிர்ணயத்தைத் திருத்தி, நிலுவை வாங்கினேன். அதற்குள் என் கூடவே தேர்வாணையம் வழியாக வந்தவர்கள் உதவியாளர் பதவி உயர்வுப் பட்டியலில் ஏறிவிட்டார்கள். நிலுவை போடப் பணத்துக்கு விதி உண்டு, பணிமூப்புக்கு அப்படி எதுவும் கிடையாது.

1999இல் அலகாபாத் உயர் நீதிமன்றம், கருணை அடிப்படையில் கொடுத்த வேலையைத் தற்காலிகம் என்று சொல்லக் கூடாது, அது நிரந்தர நியமனமாகத்தான் கொள்ளப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உத்தரப் பிரதேச விதிகளை வைத்துச் சொன்னது. அதில் இருந்த யோசனை எளிமையானது: குடும்பத்தைத் தூக்கி நிறுத்தக் கொடுக்கும் வேலையையே ஆட்டம் காணும்படி கொடுத்தால் கொடுத்ததற்கு என்ன அர்த்தம்?

சி.பி.எஸ். பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் பத்து சதவீதம் நம்மிடம் பிடிப்பார்கள், அரசு அதே அளவு போடும். மத்திய அரசின் தேசிய ஓய்வூதியத் திட்டத்தைப் போல இது ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையத்திடம் போகவில்லை, மாநில அரசிடமே இருந்தது. வட்டி போட்டுக் கணக்குத்தாள் கொடுப்பார்கள், அதில் சில மாதச் சந்தா விடுபட்டிருக்கும், அதைச் சேர்க்க ஒரு கோப்பு. பெயரில் ஓய்வூதியம் இருந்தாலும் ஓய்வு பெறும்போது கையில் கொடுத்தது ஒரு மொத்தத் தொகை. மாதாமாதம் ஒன்றும் இல்லை, பழைய திட்டத்தில் இருந்த பணிக்கொடையும் இல்லை.

கருணை வாரிசுகளுக்கு இதில் ஒரு தனிக் குத்து இருக்கிறது. என் அப்பா இறந்தபோது அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வந்தது. இன்றும் வருகிறது, அகவிலைப்படியோடு. அப்பாவின் இடத்தில் வந்த நான் பணியில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்திருந்தால், சி.பி.எஸ். விதிப்படி என் மனைவிக்கு அது கிடையாது. கணக்கில் இருக்கும் தொகை, குடும்பப் பாதுகாப்பு நிதி, அவ்வளவுதான். ஒரே வீட்டில் மாமியாருக்கு உண்டு, மருமகளுக்கு இல்லை. சாவினால் கிடைத்த வேலையில் சேர்ந்தவனுக்கு இது சும்மா ஒரு கணக்கு இல்லை.

மத்திய அரசும் இதே மாதிரி 1.1.2004 என்று ஒரு கோடு போட்டது. ஆனால் அங்கே நடந்த பிந்தைய கதை வேறு. ஆள் எடுப்பு அறிவிப்பு 22.12.2003க்கு முன்பே வந்திருந்து, சேர்ந்தது மட்டும் 2004க்குப் பிறகு என்றால், பழைய ஓய்வூதியத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று 2023 மார்ச்சில் ஒரு வாய்ப்புக் கொடுத்தார்கள். நீதிமன்றங்களில் தோற்றுத் தோற்றுத்தான் கொடுத்தார்கள், இருந்தாலும் கொடுத்தார்கள். உடனே ஒரு கேள்வி வந்தது: கருணை நியமனத்துக்கு விளம்பரமே கிடையாதே, அவர்களுக்கு எந்தத் தேதி? 2025இல் அதற்கும் பதில் வந்தது. கருணை வேலை கேட்ட விண்ணப்பம் 2003 முடிவதற்குள் உரிய அதிகாரியிடம் வந்து சேர்ந்திருந்தால் அவருக்கும் அந்த வாய்ப்பு உண்டு.

அந்தக் குறிப்பாணையைப் படித்த அன்று எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரே பரபரப்பு. விண்ணப்பம் வந்து சேர்ந்த தேதியைப் பார்க்கலாம் என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொண்டிருக்கிறது. நாங்கள் இத்தனை வருடமாகக் கேட்டது அதைத்தான். அது மத்திய அரசு ஊழியர்களுக்கு மட்டும் என்பதை யாரோ நினைவூட்டியதும் குழு அமைதியாகிவிட்டது.

விதவைகளின் பாடு வேறு விதம். எதிர் வீட்டு அத்தை மத்திய அரசின் ஒரு துறையில் நான்காம் நிலைப் பணியில் இருந்தவர். கணவர் 1989இல் இறந்தார், இவர் 1990இல் சேரும்போது வயது நாற்பத்துமூன்று. குடும்ப ஓய்வூதியமும் உண்டு, சம்பளமும் உண்டு. ஆனால் குடும்ப ஓய்வூதியத்துக்கு அகவிலை நிவாரணம் கிடையாது, சம்பளத்தில்தான் அகவிலைப்படி வருகிறதே என்று. இது தெரியாமல் வங்கி கொஞ்ச காலம் நிவாரணத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டது. பிறகு கண்டுபிடித்து மாதாமாதம் பிடித்தார்கள். 1994 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் வேலையில் இருக்கும் வாரிசுக்கு நிவாரணத்தை மறுப்பது சரிதான் என்றது. அப்புறம் மத்திய அரசே மனம் மாறி, 18.7.1997 முதல் கொடுக்கலாம் என்றது. நீதிமன்றம் செல்லும் என்று சொன்ன விதியை அரசு தானாகவே கைவிட்டது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். அதற்கு முன்னால் பிடித்த பணம் போனது போனதுதான். கூடுதலாகக் கொடுத்துவிட்டதை மூன்றாம், நான்காம் நிலை ஊழியர்களிடமிருந்தும், ஓய்வு பெற்றவர்களிடமிருந்தும், ஐந்து வருடத்துக்கு மேல் போய்விட்டதையும் திரும்பப் பிடிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014 டிசம்பரில். அத்தைக்கு அது உதவுகிற காலம் தாண்டியிருந்தது. உங்களில் யாருக்காவது இன்று அப்படிப் பிடித்தம் நோட்டீஸ் வந்தால் அந்தத் தீர்ப்பை மேற்கோள் காட்டிப் பதில் எழுதுங்கள்.

அத்தை 2007இல் ஓய்வு பெற்றபோது பணிக்காலம் பதினேழு வருடம். முழு ஓய்வூதியத்துக்கு முப்பத்துமூன்று வருடம் வேண்டும் என்ற பழைய கணக்கில், சம்பளத்தில் பாதி, அந்தப் பாதியிலும் கிட்டத்தட்டப் பாதி என்றுதான் முதலில் வந்தது. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு மத்திய அரசில் அந்த முப்பத்துமூன்று வருட நிபந்தனை போய், பத்து வருடம் பணி செய்தாலே ஐம்பது சதவீதம் என்றானது. 2006 ஜனவரியிலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அது பொருந்தும் என்று பிறகு ஆணை வந்ததால் அத்தைக்குத் திருத்தி நிலுவை கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் மாடியில் ஒரு அறை கட்டினார். தமிழ்நாட்டின் பழைய ஓய்வூதியத்தில் முழுத் தொகைக்கு முப்பது வருடம் வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் கணவனை இழந்து வேலைக்கு வரும் பெண்ணுக்கு முப்பது வருடம் எங்கிருந்து வரும்? விதி எழுதியவர் மனதில் இருந்தது இருபது வயதில் சேர்ந்து ஓய்வுவரை போகும் ஆள். கருணை வேலைக்கு வருபவர்கள் அந்த அச்சில் வார்த்தவர்கள் இல்லை.

இன்னொரு தகராறு, எந்தப் பணியை ஒப்புக்கொள்கிறோம் என்பது. பட்டம் படித்த பையனிடம் ‘இப்போதைக்கு அலுவலக உதவியாளர் காலியிடம்தான் இருக்கிறது, சேர்ந்துகொள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்பார்கள். இப்போதைய விகிதத்தில் அது 15,700இல் தொடங்கும், இளநிலை உதவியாளர் 19,500. பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது நடக்காது. ஒரு பணியை ஏற்றுக்கொண்டால் கருணை உரிமை அத்தோடு முடிந்தது என்று 1994இலேயே ராஜஸ்தான் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 டிசம்பரில் தமிழ்நாட்டுப் பேரூராட்சிகளில் தூய்மைப் பணியாளர்களாகச் சேர்ந்துவிட்டு, பிறகு தகுதிக்கேற்ற பணி கேட்டவர்களின் வழக்கிலும் அதையேதான் சொன்னது. உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றிருந்தது, அது ரத்தானது. சட்டப்படி சரிதான் என்றே வைத்துக்கொள்வோம். கருமாதி முடிந்த கையோடு, வீட்டில் அரிசி இல்லாதபோது, நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுகிறவன் தேர்வு செய்தான் என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2026 ஜனவரியில் தமிழ்நாடு அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதி ஓய்வூதியம், ஊழியரின் பத்து சதவீதப் பங்களிப்பு தொடரும். ஒன்றுமே இல்லாமல் இருந்ததற்கு இது பெரிய விஷயம், மறுக்க மாட்டேன். ஆனாலும் சந்தா கட்டாமல் பழைய ஓய்வூதியத்தில் இருக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் எனக்கும் இருக்கும் கோடு அப்படியேதான் இருக்கிறது, 1.4.2003இல்.

போன மாதம் ஒரு பையன் அம்மாவோடு என் மேசைக்கு வந்தான். அப்பா இறந்து ஐந்து மாதம், மனு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன். தபால் பிரிவில் கொடுத்துவிட்டு வெறுமனே வராதே, நகலில் தேதி முத்திரை போட்டு வாங்கு என்றேன். கல்விச் சான்று உண்மைத்தன்மைக்குப் போன கடிதத்தின் எண்ணையும் நாளையும் குறித்து வை. சேர்ந்த பிறகு பணிவரன்முறையை வாயால் கேட்காதே, எழுத்தில் கேள், பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள். பட்டம் இருக்கிறதென்றால் எந்தப் பணி தருகிறார்கள் என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு. பணிப்பதிவேட்டை வருடத்துக்கு ஒருமுறை வாங்கிப் பார்த்து, இன்கிரிமெண்ட் ஏறியிருக்கிறதா என்று சரிபார்.

‘எப்ப சார் ஆர்டர் வரும்?’ என்று அந்த அம்மா கேட்டார். தெரியாது என்றேன். வாரிசுச் சான்று நகலில் வட்டாட்சியர் கையெழுத்து மங்கலாக இருந்தது, வேறு நகல் எடுத்து வரச் சொல்லி அனுப்பினேன்.